மகள் தொல்லியல் பக்கம் போகிறேன் என்கிறாள், பயப்படும் மேலூர் அப்பாவுக்கு

சார், உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் பி.எஸ்.சி. ஜியாலஜி மூன்றாம் ஆண்டு, அரிட்டாபட்டி டங்ஸ்டன் சுரங்கத்தை எதிர்த்த போராட்டத்துக்குப் போய்வந்த நாளிலிருந்து "துளை போடும் முன்னால் நிலத்தை நடந்து பார்த்து, அடியில் என்ன இருக்கிறது என்று சொல்கிற வேலைக்குத்தான் போவேன்" என்கிறாள், அப்படி ஒரு வேலை இருக்கிறதா, இருந்தால் சோறு போடுமா. இதுதானே கேள்வி?

இருக்கிறது. ஆனால் பெரும்பாலும் வெளிநாட்டில். அமெரிக்காவில் 1966-ஆம் வருடத் தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டத்தின் 106-ஆம் பிரிவுப்படி, மத்திய அரசின் நிலத்திலோ அதன் அனுமதியோடோ எண்ணெய்க் கிணறு தோண்டுவதென்றால் அங்கே பழைய தடயம் உண்டா என்று முதலில் பார்த்தாக வேண்டும். அதனால் இதையே பிழைப்பாகச் செய்யும் தனியார் கம்பெனிகள் அங்கே நிறைய. ஆட்கள் சில மீட்டர் இடைவெளி விட்டு வரிசையாக, தரையைப் பார்த்தபடி நாள் முழுக்க நடப்பார்கள், கல்லாயுதமோ பானை ஓடோ பட்டால் இடத்தைக் குறித்துவிட்டு மறுபடி நடப்பார்கள். சினிமாவில் காட்டுகிற மாதிரி எதுவும் இல்லை, கால் வலிதான்.

நம் சட்டம் வேறு மாதிரி. மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடை, அதற்கு அப்பால் 200 மீட்டர் கட்டுப்பாடு. யாரும் இன்னும் பட்டியலில் சேர்க்காமல் மண்ணுக்குள் கிடக்கிற முதுமக்கள் தாழியை அது காப்பாற்றாது. அரிட்டாபட்டி கதை என்னைவிட உங்களுக்குத் தெரியும்: 2022-லேயே 193.215 ஹெக்டேர் பல்லுயிர் பாரம்பரியத் தலம், தமிழி என்கிற பழைய தமிழ் எழுத்தில் வெட்டிய கல்வெட்டும் சமணப் படுக்கையும் பாண்டியர் குடைவரையும் வெறும் கண்ணுக்கே தெரிகின்றன, அப்படியும் 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்தது, ஊரே மதுரைக்கு நடந்த பிறகு 2025 ஜனவரி 23-ல் ரத்தானது. தாது எங்கே என்று பார்த்தவர்கள் முதலில் வந்தார்கள், மற்றதெல்லாம் பிறகு. உங்கள் மகளுக்குக் கோபம் அந்த வரிசை மேல்தான், நியாயமான கோபம். ஆனால் கோபத்துக்குச் சம்பளம் கிடையாது, அதனால் வழியைப் பார்ப்போம்.

ஜியாலஜியை விடச் சொல்லாதீர்கள், அவளும் விட வேண்டாம். எம்.எஸ்.சி. ஜியாலஜி முடிக்கட்டும். கிரேட்டர் நொய்டாவில் இந்தியத் தொல்லியல் துறை நடத்தும் இரண்டு வருட முதுநிலை டிப்ளமோவுக்கு, பிளைஸ்டோசீன் (பனியுக) காலம் படித்த ஜியாலஜி மாணவர்களையும் எடுப்பார்கள், உதவித்தொகையும் உண்டு. (2020-ல் அந்தப் படிப்புக்கான அறிவிப்பில் தமிழை விட்டுவிட்டு, சத்தம் வந்த பிறகு சேர்த்தார்களே, அதே படிப்புதான்.) வயது வரம்பு இருப்பதால் தள்ளிப்போட வேண்டாம். அது கிடைக்காமல் போனாலும் எம்.எஸ்.சி.யை வைத்து யு.பி.எஸ்.சி. நடத்தும் ஜியோ சயின்டிஸ்ட் தேர்வு எழுதலாம், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையிலேயே உட்காரலாம். துளை எங்கே என்று முடிவாகும் மேசையில் பானை ஓடு தெரிந்த ஒருத்தி இருப்பது சின்ன விஷயமா? அவசரப்பட்டால் புனே டெக்கான் கல்லூரியில் நேராக எம்.ஏ. தொல்லியல் சேரலாம், ஆனால் அந்தப் பக்கம் போனால் முதல் சில வருடம் ஒப்பந்த வேலைதான் என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். எந்த வழியானாலும் கியூ-ஜி.ஐ.எஸ். என்கிற வரைபட மென்பொருளை இப்போதே கற்கட்டும், இலவசம்.

அவளிடம் இன்னொன்றும் மறைக்காமல் சொல்லுங்கள். ஆஸ்திரேலியாவில் ஜூகன் பள்ளத்தாக்கில் 46,000 வருடம் மனிதர் புழங்கிய குகை. 2014-ல் தொல்லியலாளர்கள் தோண்டி 4,000 வருடத்துப் பின்னிய தலைமுடியை எடுத்தார்கள், முக்கியத்துவத்தை எழுதியும் கொடுத்தார்கள். 2013-லேயே அனுமதி வாங்கி வைத்திருந்த ரியோ டின்டோ சுரங்கக் கம்பெனி 2020 மே மாதம் வெடி வைத்துவிட்டது. பிறகு அந்தக் கம்பெனியின் தலைமை அதிகாரிக்குப் பதவி போனது, குகை வரவில்லை. அறிக்கை நன்றாக எழுதியும் தோற்கிற நாள் இந்த வேலையில் வரும்.

சரி, இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள். அடுத்த மழை விட்டதும் ஊர்க் கண்மாய்க் கரையோரம் நான்கு மணி நேரம் அவளோடு நடங்கள். கருப்பு-சிவப்புப் பழம்பானை ஓடு ஏதாவது தெரிந்தால் எடுக்க வேண்டாம், கைபேசியில் படமும் இடமும் குறித்தால் போதும். ஒன்றும் கிடைக்காத நாளிலும் மறுவாரம் அவளே உங்களைக் கூப்பிடுகிறாளா என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.