ஜூமா, மீட்டா, டீம்ஸா? முதலில் சூப்பர்வைசரின் போனைப் பாருங்கள்

கேள்வி: வணக்கம் சார். திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்கிற சின்ன கம்பெனி எங்களுடையது. ஆபீசில் மெர்ச்சண்டைசர்கள், அவினாசி பக்கம் தையல் யூனிட், பெருந்துறையில் பிரிண்டிங், மும்பையில் ஏஜென்ட் என்று ஒரு பதினைந்து பேர் தினமும் காலையில் பேசியாக வேண்டும். இப்போதைக்கு வாட்ஸ்அப் காலில் ஓடுகிறது. ஜெர்மனி பையர் வேறு வாரம் ஒருமுறை டீம்ஸில் கூப்பிடுகிறார். டீம்ஸ்தான் கம்பெனிக்கு மரியாதை, அதையே வாங்கிவிடலாம் என்கிறான் என் மகன். ஜூம் வாங்கலாமா, கூகுள் மீட் போதுமா? — வாசகர், திருப்பூர்

பதில்: பையர் டீம்ஸில் கூப்பிடுகிறார் என்பதற்காக நீங்கள் டீம்ஸ் வாங்கத் தேவையே இல்லை. அவர் அனுப்புகிற லிங்க்கை லேப்டாப்பில் குரோமிலோ எட்ஜிலோ திறந்து, பெயரைப் போட்டு, விருந்தாளியாக உள்ளே போய்விடலாம். இந்தச் செயலிகள் எல்லாவற்றிலும் மீட்டிங்கை நடத்துகிறவருக்குத்தான் கட்டணக் கணக்கு வேண்டும், கலந்துகொள்கிறவர்களுக்கு வேண்டாம். இது தெரியாமல் பதினைந்து பேருக்கும் லைசன்ஸ் வாங்கி வருஷா வருஷம் புதுப்பித்துக்கொண்டிருக்கிற கம்பெனிகள் உண்டு. உங்களுக்கு அதிகம் போனால் ஒன்று, இரண்டு போதும்.

அதையும் வாங்குவதற்கு முன்னால் உங்கள் அக்கவுன்டன்ட்டிடம் ஒன்று கேளுங்கள்: ஆபீஸ் மெயிலுக்கு யாருக்குப் பணம் கட்டுகிறோம்? கம்பெனி பெயரில் முடிகிற மெயில் ஐடி வைத்திருக்கிறீர்கள் என்றால் அது பெரும்பாலும் கூகுள் வொர்க்ஸ்பேஸாகவோ மைக்ரோசாஃப்ட் 365 ஆகவோ சோஹோவாகவோதான் இருக்கும். வொர்க்ஸ்பேஸில் இருக்கிற ஆகக் குறைந்த பிளானிலேயே மீட் வந்துவிடுகிறது, 100 பேர் வரை, நேரக் கட்டுப்பாட்டுத் தொல்லை கிடையாது. ரெக்கார்டிங் வேண்டுமானால் மட்டும் அதற்கு அடுத்த பிளானுக்குப் போக வேண்டும். மைக்ரோசாஃப்ட் என்றால் டீம்ஸ் சேர்ந்து வரும் பிளானும் உண்டு, டீம்ஸ் இல்லாமல் விற்கிற பிளானும் உண்டு, பில்லை எடுத்துப் பாருங்கள். ஏற்கெனவே காசு கட்டுகிற ஒன்று கையில் இருக்கும்போது இன்னொன்று எதற்கு?

மெயில் எல்லாம் சாதா ஜிமெயில்தான் என்றால் இலவசக் கணக்கின் அளவுகளைத் தெரிந்துகொள்ளுங்கள். ஜூமில் 40 நிமிடம். மீட்டிலும் டீம்ஸிலும் மூன்று பேரோ அதற்கு மேலோ சேர்ந்தால் 60 நிமிடம். மூன்றிலுமே 100 பேர் வரை சேரலாம். தினசரி காலை மீட்டிங் 60 நிமிடத்தைத் தாண்டுகிறது என்றால், மன்னிக்கவும், கோளாறு சாஃப்ட்வேரில் இல்லை.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? ஆபீஸ் ஏசி ரூமில், பிராட்பேண்டில் உட்கார்ந்து பார்த்தால் மூன்றுமே அழகாகத்தான் இருக்கும், அங்கே வைத்து முடிவு செய்யாதீர்கள். அவினாசி யூனிட் சூப்பர்வைசர் பழைய ஆண்ட்ராய்டு போனோடு, ஓவர்லாக் மெஷின் சத்தத்துக்கு நடுவில், மொபைல் டேட்டாவில் வந்து சேர்கிறாரே, அவருக்கு எது ஒழுங்காக வேலை செய்கிறதோ அதுதான் உங்கள் கம்பெனிக்கானது. ஒரு வாரம் ஜூம், ஒரு வாரம் மீட், ஒரு வாரம் டீம்ஸ் என்று இலவசமாகவே ஓட்டிப் பாருங்கள். அவருடைய போனில் ஆப் திறக்க எவ்வளவு நேரமாகிறது, போன் கொதிக்கிறதா, நடுவில் அறுந்து போனால் மறுபடி சேர எத்தனை தடவை தட்ட வேண்டியிருக்கிறது என்பதை அவரிடமே கேளுங்கள். மகனிடம் கேட்காதீர்கள்.

டேட்டா கணக்கையும் போட்டுவிடலாம். போகிற படம், வருகிற படம் இரண்டும் சேர்ந்து விநாடிக்கு 2 மெகாபிட் என்று வைத்துக்கொண்டால் ஒரு மணி நேரத்துக்கு 900 எம்பி. தினம் ஒன்றரை ஜிபி ரீசார்ஜ் போட்டிருக்கிறவருக்கு அதில் பாதிக்கு மேல் காலி, அதுவும் அவருடைய சொந்தக் காசு. கேமராவை அணைத்துவிட்டு, வருகிற படத்தையும் நிறுத்திவிட்டால் வெறும் குரலுக்கு ஐம்பது எம்பிக்குள் முடிந்துவிடும். மீட்டில் 'ஆடியோ மட்டும்' என்று ஒரு அமைப்பே இருக்கிறது. யூனிட்டில் இருக்கிறவர்கள் கேமராவை அணைத்து வைத்தால் தப்பில்லை என்று நீங்களே சொல்லிவிடுங்கள், முதலாளி சொன்னால்தான் அணைப்பார்கள். அப்புறம் ஒயர் வைத்த சாதாரண ஹெட்செட் யூனிட்டுக்கு ஒன்று வாங்கிக் கொடுங்கள். மைக் வாய்க்குப் பக்கத்தில் இருந்தாலே மெஷின் சத்தம் பாதியாகத் தெரியும். ஒரே ரூமில் இரண்டு பேர் இரண்டு லேப்டாப்பில் சேர்ந்துகொண்டு ஸ்பீக்கரைத் திறந்து வைத்திருந்தால் கீச்சென்று ஒரு சத்தம் சுற்றிச் சுற்றி வரும் பாருங்கள், அதற்கு எளிய மருந்து ஒன்றுதான். ஒருவர் மைக், ஸ்பீக்கர் இரண்டையும் மூட வேண்டும், அவ்வளவுதான்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் தொழிலில் இதுதான் காசு. வீடியோ காலில் ஷேடு, அதாவது துணியின் நிறம், பார்க்காதீர்கள். எந்தச் செயலியாக இருந்தாலும் படத்தைச் சுருக்கி அனுப்பும்போது வெளிச்சத்தைப் புள்ளிக்குப் புள்ளி வைத்துக்கொண்டு, நிறத்தை மட்டும் நான்கு புள்ளிக்கு ஒன்று என்ற அளவில்தான் அனுப்புகிறது. கண் வெளிச்ச மாற்றத்தைக் கவனிக்கிற அளவுக்கு நிற மாற்றத்தைக் கவனிக்காது என்பதால் இந்தச் சிக்கனம், பேசுகிறவர் முகத்துக்கு இது போதும். இதற்கு மேல் போன் கேமரா தானாகவே வெள்ளையைச் சரிசெய்துகொள்ளும், டியூப்லைட்டுக்கு ஒரு மாதிரி, ஜன்னல் வெளிச்சத்துக்கு ஒரு மாதிரி. அந்தப் பக்கம் பையரின் ஸ்கிரீன் வேறு. இத்தனையும் தாண்டி நேவி புளூ கருப்பாகத் தெரியும், பையர் "ஓகே, லுக்ஸ் குட்" என்பார், ஷிப்மென்ட் போன பிறகு பிரச்சினை ஆரம்பிக்கும். லேப் டிப்பை, அதாவது சாயம் போட்ட மாதிரித் துண்டை, கூரியரில் அனுப்பி, ஒரே சீரான வெளிச்சம் தருகிற லைட் பாக்ஸில் வைத்துப் பார்க்கிற பழைய வழக்கத்தை விட வேண்டாம். டம்மியில் மாட்டி ஃபிட் காட்டுவது, டெக் பேக்கை (உடையின் அளவுகளும் விவரங்களும் உள்ள தாளை) ஸ்கிரீனில் விரித்து வைத்து அளவு பேசுவது இதற்கெல்லாம் வீடியோ அருமையாக உதவும். தையல் கோளாறைக் காட்ட வேண்டுமா, போட்டோ எடுத்துச் சாட்டில் போடுங்கள், ஓடுகிற வீடியோவைவிடத் தெளிவாக இருக்கும்.

இன்னொன்று, ஜெர்மனியில் கோடையில் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால் இருப்பார்கள், குளிர்காலத்தில் நாலரை. மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் மாறும். "நாளைக்கு மூன்று மணி" என்று வாட்ஸ்அப்பில் பேசி வைக்காமல் காலண்டர் அழைப்பாக அனுப்பினால் அவரவர் ஊர் நேரத்தில் தானாகக் காட்டிவிடும்.

என்னுடைய வாக்கு? ஆபீஸ் மெயில் கூகுள் என்றால் மீட், மைக்ரோசாஃப்ட் என்றால் டீம்ஸ், இரண்டும் இல்லை என்றால் சூப்பர்வைசர் சொல்வது. வாட்ஸ்அப்பையும் தூக்கிப்போட வேண்டாம், இரண்டு பேர் அவசரமாகப் பேசுவதற்கு அதைவிட வேகமானது எது?

கேள்வி: ஓய்வு பெற்ற ஆசிரியைகள் நாங்கள் பதினெட்டுப் பேர், வாரம் ஒருநாள் சங்க இலக்கியம் வாசிக்கிறோம். ஒன்றரை மணி நேரமாவது வேண்டும். சரியாக உரை சொல்ல ஆரம்பிக்கும்போது 40 நிமிடம் ஆகி ஜூம் மூடிக்கொள்கிறது. காசு கட்டாமல் வழி உண்டா தம்பி? — வாசகி, மதுரை

பதில்: உண்டு அம்மா. வாட்ஸ்அப் குரூப் காலில் 32 பேர் வரை சேரலாம், நேரக் கணக்கு கிடையாது. 2023-லிருந்து ஸ்கிரீனைப் பகிரவும் முடிகிறது, பாடல் வரிகளைக் காட்டிக்கொண்டே பேசலாம். பெரிய திரையில் எல்லாரையும் பார்க்க வேண்டும் என்றால் ஜிட்சி மீட் என்று ஒன்று இருக்கிறது, மூலநிரலைத் திறந்து வைத்திருக்கிற இலவச மென்பொருள், அதன் தாய்த் திட்டமான ஜிட்சி 2003-இல் ஒரு பல்கலைக்கழக மாணவரின் திட்டமாகப் பிறந்தது. கூட்டத்தைத் தொடங்குகிற ஒருவர் மட்டும் கூகுள் மாதிரி ஒரு கணக்கில் உள்நுழைய வேண்டும். மற்றவர்கள் கம்ப்யூட்டரில் லிங்க்கைத் தட்டினால் பிரவுசரிலேயே வந்துவிடலாம், எதையும் இறக்கிக்கொள்ள வேண்டாம். ஒருவர் வாசிக்கும்போது மற்ற பதினேழு பேரும் மைக்கை மூடி வைக்கச் சொல்லுங்கள், வகுப்பை அடக்குவது உங்களுக்குச் சொல்லித் தர வேண்டிய விஷயமா என்ன?

கேள்வி: ஜூம் சைனா கம்பெனி, பாதுகாப்பு இல்லை, மத்திய அரசே சொல்லிவிட்டது என்று எங்கள் சங்கத்தில் ஒரே சண்டை. உண்மையா? — வாசகர், கோவை

பதில்: பாதி உண்மை. ஜூம் அமெரிக்கக் கம்பெனி, கலிஃபோர்னியாவில் சான் ஹோசேயில் இருக்கிறது. ஆரம்பித்த எரிக் யுவான் சீனாவில் பிறந்து அமெரிக்கா போனவர், வெப்எக்ஸ் என்கிற இன்னொரு வீடியோ மீட்டிங் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு 2011-இல் இதைத் தொடங்கினார். ஊரடங்கு நேரத்தில், 2020 ஏப்ரலில், சில மீட்டிங்குகளின் மறையாக்கச் சாவி, அதாவது பேச்சை மற்றவர்களுக்குப் புரியாதபடி பூட்டுகிற ரகசிய எண், சீனாவில் இருக்கிற சர்வர் வழியாகப் போனதை கனடாவின் சிட்டிசன் லேப் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள், கம்பெனியும் ஒத்துக்கொண்டது. அழைக்காதவர்கள் மீட்டிங்கில் புகுந்து அசிங்கம் பண்ணியதும் அப்போதுதான். அதே மாதம் நம் உள்துறை அமைச்சகம் அரசு அதிகாரிகள் அலுவல் வேலைக்கு ஜூமைப் பயன்படுத்தக் கூடாது என்றது. அதையொட்டி மத்திய அரசு உள்நாட்டுச் செயலிக்கு ஒரு போட்டி வைத்து, ஆலப்புழையைச் சேர்ந்த டெக்ஜென்சியா கம்பெனி ஒரு கோடி ரூபாய் பரிசு வாங்கியது.

அதற்குப் பிறகு ஜூம் நிறையத் திருத்திக்கொண்டது. பாஸ்வேர்டும் காத்திருப்பு அறையும் தானாகவே வந்துவிட்டன, 2020 அக்டோபரில் முழு மறையாக்கமும் வந்தது, அதாவது பேசுகிறவர்களைத் தவிர கம்பெனிகூடக் கேட்க முடியாது. ஆனால் அதை நீங்கள்தான் போட வேண்டும், போட்டால் கிளவுட் ரெக்கார்டிங் வேலை செய்யாது. சங்கக் கூட்டத்துக்கு இவ்வளவு பயம் தேவையில்லை. ஒவ்வொரு தடவையும் புது ஐடி உருவாக்குங்கள், உங்கள் நிரந்தர ஐடியைக் கொடுக்காதீர்கள். லிங்க்கை ஃபேஸ்புக்கில் போடாதீர்கள், எல்லாரும் வந்த பிறகு மீட்டிங்கைப் பூட்டிவிடுங்கள். தாமதமாக வருகிற பொருளாளர் போன் பண்ணினால் திறந்து விடலாம்.