லைட், நைட் போல ஒரே நான்கு எழுத்துகளில் முடியும் ஐந்தெழுத்து ஆங்கிலச் சொற்கள் எவை? அவற்றை எப்படி நினைவில் வைத்துக்கொள்வது? வேர்டில் என்ற சொல் கண்டுபிடிக்கும் விளையாட்டுக்கும் அவை உதவுமா?

ஐ, ஜி, எச், டீ ஆகிய நான்கும் இதே வரிசையில் கடைசியில் நிற்க, முன்னால் ஓர் எழுத்து மட்டும் மாறி வரும் சொற்களில் அன்றாடப் புழக்கத்தில் உள்ளவை எட்டு. அவை எயிட் (எட்டு), ஃபைட் (சண்டை), லைட் (ஒளி, எடை குறைந்தது), மைட் (வலிமை), நைட் (இரவு), ரைட் (சரி, வலம், உரிமை), சைட் (பார்வை), டைட் (இறுக்கம்) என்பனவாகும். அகராதியைத் துழாவினால் கடற்கரையின் அகன்ற வளைவைக் குறிக்கும் பைட், பழைய வழக்கில் மனிதனைக் குறித்த வைட் போன்ற சில அரிய சொற்களும் அகப்படும். ஆனால் பள்ளிப் பிள்ளைக்கு அவை தேவையில்லை.

இந்த எட்டின் முதலெழுத்துகளை ஆங்கில நெடுங்கணக்கின் வரிசையில் சொல்லிப் பாருங்கள்: இ, எஃப், எல், எம், என், ஆர், எஸ், டீ. அடுத்தடுத்த எழுத்துகளாக மூன்று கொத்துகளில் அவை அமைந்துவிடுவதால், பட்டியலை மனப்பாடம் செய்யவேண்டிய வேலையே இல்லை. மேலும் லைட்டு, நைட்டு, ரைட்டு, டைட்டு, ஃபைட்டு, சைட்டு என ஆறு சொற்களை நாம் தமிழ்ப் பேச்சிலேயே நாள்தோறும் புழங்குகிறோம். பேருந்து நடத்துநர் "போலாம் ரைட்" என்று சொல்லாத ஊர் தமிழ்நாட்டில் இல்லை. ஆகவே காதுக்கு ஏற்கெனவே பழகிய சொற்களுக்கு எழுத்தைச் சொல்லித்தருவதுதான் இங்கே உள்ள வேலை.

அந்த வேலைதான் கடினம் என்பதை அனுபவத்தில் அறிவேன். மாலை நேரத்தில் வீட்டில் சில பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி, சொல்வதை எழுதும் பயிற்சியில், நைட் என்பதை என், ஐ, டீ, இ என்று எழுதியிருந்தாள். நான் திருத்தி எழுதியதும், பென்சில் முனையை ஜி-யின் மேல் வைத்து, பிறகு எச்-சின் மேல் நகர்த்தி, "இது ரெண்டும் வாயே திறக்கலையே மிஸ், அப்புறம் எதுக்கு இருக்கு?" என்று கேட்டாள். "அப்படித்தான், எழுதிப் பழகு" என்று சொல்லி அந்தக் கேள்வியைக் கடந்துவிட எனக்கு மனம் வரவில்லை.

அந்த இரண்டு எழுத்துகளும் ஒருகாலத்தில் ஒலித்தவை. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் நைட், ரைட், மைட் ஆகிய மூன்றையும் நிஃத், ரிஃத், மிஃத் என்பதுபோல, நடுவில் காற்று உரசும் ஓர் ஒலியுடன் சொன்னார்கள். நம் 'அஃது', 'எஃகு' ஆகிய சொற்களில் வரும் ஆய்தத்தை நினைத்துக்கொண்டால் அந்த ஒலியின் அருகில் போய்விடலாம். முதலில் அதற்கு எச் என்ற ஒற்றை எழுத்தே இருந்தது. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின்வந்த நூற்றாண்டுகளில்தான் எழுத்தர்கள் ஜி, எச் என இரண்டையும் சேர்த்து எழுதும் வழக்கம் ஊன்றியது. பிறகு ஒலி மெல்லத் தேய்ந்தது. அது தேயத் தேய முன்னிருந்த குறில் இகரம் நீண்டு ஈகாரமாகி, அதுவும் காலப்போக்கில் 'ஐ' என்று திரிந்தது. இதற்கிடையே 1476-இல் வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் தொடங்க, அச்சின் வழியே எழுத்துக்கூட்டல் சிறிது சிறிதாக உறைந்துபோனது. நாக்கு விட்டுவிட்டதைத் தாள் பிடித்துக்கொண்டது. ஜெர்மானியர் இன்றும் அந்த ஒலியை விடாமல் இரவை 'நாஹ்ட்' என்றும் எட்டை 'ஆஹ்ட்' என்றும் சொல்கிறார்கள்.

எயிட்டின் உறவு இன்னும் தொலைவுக்குப் போகிறது. லத்தீனில் எட்டு 'ஆக்டோ'. பழைய ரோமானிய நாள்காட்டியின் எட்டாம் மாதமே அக்டோபர். அந்தப் பெயரில் நம் காதில் விழும் 'க்' என்ற ஒலிதான் எயிட்டின் நடுவே ஜி, எச் என ஊமையாக நிற்கிறது. சமஸ்கிருத 'அஷ்ட' என்பதும் இதே குடும்பம் என்று சொன்னபோது, அஷ்டமியை அறிந்த அந்தச் சிறுமியின் முகம் மலர்ந்ததை மறக்க முடியாது.

இந்த வரலாறு தெரிந்தால் நடைமுறையில் ஒரு பயன் உண்டு. கட்டட வேலை நடக்கும் இடமான சைட்டும், சடங்கைக் குறிக்கும் ரைட்டும் லத்தீன் வழி வந்தவை. அவற்றில் அந்தக் காற்று உரசும் ஒலி என்றுமே இருந்ததில்லை, ஆகவே ஜி-யும் எச்-சும் இல்லை. பார்வையான சைட்டிலும் சரி என்னும் ரைட்டிலும் அது இருந்தது. இதற்குப் புறம்பானவையும் உண்டு. மகிழ்ச்சியைக் குறிக்கும் ஏழெழுத்துச் சொல்லான டிலைட், பிரெஞ்சிலிருந்து இந்த எழுத்துகள் இல்லாமல்தான் வந்தது. பதினாறாம் நூற்றாண்டில் லைட்டைப் பார்த்து அதற்கும் ஒட்டவைத்துவிட்டார்கள்.

வேர்டில் விளையாட்டுக்கும் உதவுமா என்று கேட்டிருந்தீர்கள். 2021-இல் பரவத் தொடங்கிய அந்த விளையாட்டில், மறைந்திருக்கும் ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லைக் கண்டுபிடிக்க ஆறு முயற்சிகள் மட்டுமே உண்டு. நாம் போடும் சொல்லில் சரியான இடத்தில் நிற்கும் எழுத்து பச்சையாகும், விடையில் வேறு இடத்தில் இருக்கும் எழுத்து மஞ்சளாகும். முதல் முயற்சியில் நைட் என்று போட்டு, கடைசி நான்கு எழுத்துகளும் பச்சையானால் மகிழ வேண்டாம். அன்றாடச் சொற்களிலேயே ஏழு மிச்சம், ஐந்து முயற்சிகள்தான் கையில். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் தோற்க வாய்ப்புண்டு. அதற்குப் பதிலாக 'ஃபிலிம்ஸ்' என்று போடுங்கள். எஃப், எல், எம், எஸ் நான்கையும் ஒரே அடியில் சோதித்துவிடலாம். அவற்றில் எதுவும் இல்லையென்றால் அடுத்து 'டெனர்' என்ற இசைச்சொல்லைப் போடுங்கள். இ மஞ்சளானால் விடை எயிட், ஆர் மஞ்சளானால் ரைட், முதலிடத்து டீ பச்சையானால் டைட். விடை இந்த எட்டில் ஒன்றானால் நான்காம் முயற்சிக்குள் அது உறுதி. ஆனால் கடின முறையில் விளையாடுவோருக்கு இந்த வழி அடைபட்டிருக்கும், ஏனெனில் கிடைத்த பச்சை எழுத்துகளை அடுத்தடுத்த முயற்சிகளிலும் அதே இடத்தில் வைத்தாக வேண்டும். அவர்கள் நான்கு எழுத்துகளும் தெரியவரும் முன்பே எல், ஆர், எஸ் போன்ற முதலெழுத்துகளை வேறு சொற்களில் வைத்துச் சோதித்துக்கொள்வது நல்லது.