அப்பச்சி, ஆத்தாவுடன் டொராண்டோ தீவுகளுக்குச் செல்ல எப்படித் திட்டமிடுவது?

காரைக்குடியிலிருந்து கோடையில் வரவிருக்கும் அப்பச்சியையும் ஆத்தாவையும், கார் ஓடாத டொராண்டோ தீவுப் பூங்காவுக்கு அழைத்துச் செல்வது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள்.

பே வீதியின் தென்கோடியிலுள்ள ஜாக் லேட்டன் படகுத்துறையிலிருந்து சென்டர் தீவு, வார்ட்ஸ் தீவு, ஹான்லன்ஸ் பாயிண்ட் ஆகிய மூன்று துறைகளுக்கும் படகுகள் செல்கின்றன. பயணம் ஏறத்தாழ கால் மணி நேரம். போகும்போது வாங்கும் சீட்டே திரும்புவதற்கும் போதும். கோடையின் சனி, ஞாயிறுகளில் சென்டர் தீவுப் படகுக்கு நிற்கும் நீண்ட வரிசை முதியவர்களைக் களைப்படையச் செய்துவிடும் என்பதால், சீட்டை இணையத்தில் முன்கூட்டியே வாங்கிக்கொண்டு வார நாளொன்றில் காலையிலேயே கிளம்புவது உத்தமம்.

நடக்கத் தெம்பிருந்தால் வார்ட்ஸ் தீவில் இறங்கி, மக்கள் இன்றும் குடியிருக்கும் சிறு வீடுகளையும் தோட்டங்களையும் பார்த்தபடி ஏரிக்கரையோரமாகச் சென்டர் தீவுக்கு வரலாம். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு நேரே சென்டர் தீவுதான் சரி; அங்கே வாடகைக்குக் கிடைக்கும் நான்கு சக்கர மிதிவண்டியில் நீங்கள் மிதிக்க, அவர்கள் உட்கார்ந்து வரலாம். ஹான்லன்ஸ் பாயிண்ட் ஏரிக்கரை மணற்பரப்பில் ஆடையின்றி இருக்க அனுமதியுள்ள பகுதி ஒன்று உண்டு என்பதைப் பெரியவர்களோடு செல்பவர் முன்பே அறிந்திருப்பது நல்லது!

புளியோதரையும் உருளைக்கிழங்குப் பொரியலும் கட்டிக்கொண்டு போங்கள். ஜூன் மாதத்திலும் படகின் மேல்தளத்தில் குளிர்காற்று வீசக்கூடும். காரைக்குடி வெயிலுக்குப் பழகியவர்களுக்கு ஸ்வெட்டர் அவசியம்.