ஊசிமுனை கேள்வி-பதில்: கராஜ் ராக் தட்டும் பென்சில் குறிப்பும்

போன இதழ்ல அமெரிக்க கராஜ் ராக் 45 (நிமிஷத்துக்கு 45 சுத்து சுத்தற சின்ன இசைத்தட்டு) பத்தி ஒரு ஓரமா நாலு வரி எழுதினேன், அதுக்கு இவ்ளோ கடிதம் வரும்னு நினைக்கல. பாதிப் பேரு "அது என்னது"ன்னு கேட்டிருக்கீங்க, மீதிப் பேரு ஏற்கனவே காசை விட்டுட்டு வந்து நிக்கறீங்க. ரெண்டு கட்சிக்கும் சேர்த்தே பதில் சொல்லிடறேன்.

கார் நிறுத்தற ஷெட்டுல வாசிச்ச பாட்டுதான் கராஜ் ராக்கா சார்? சின்னப் பசங்க வாசிச்சதுல இத்தனை ஆயிரம் தட்டு எப்படி வந்துச்சு?
— வாசகர், திருநெல்வேலி

ஷெட்டுல பழகினாங்க, தட்டு போட்டது வேற இடத்துல. 1964 பிப்ரவரி 9 அன்னிக்கு பீட்டில்ஸ் அமெரிக்க டிவில எட் சல்லிவன் ஷோவுக்கு வந்தாங்க, ஏழு கோடிக்கும் மேல ஜனம் பாத்துச்சு, அப்புறம் ஊருக்கு ஊர் பதினாறு பதினேழு வயசுப் பசங்க கிட்டார் வாங்கித் தரச் சொல்லி அப்பாவை நச்சரிக்க ஆரம்பிச்சுட்டாங்க. (வாஷிங்டன், ஓரிகன் பக்கம் அதுக்கு முன்னாடியே இந்த சத்தம் இருந்துச்சு, அங்க இருக்கறவங்க இதைச் சொல்லலன்னா கோச்சுக்குவாங்க.) ஸ்கூல் டான்ஸ்ல வாசிச்சு கையில கொஞ்சம் காசு சேந்ததும் பக்கத்து டவுன் ஸ்டுடியோவுக்குப் போயி ரெண்டு பாட்டு பதிவு, பக்கத்துக்கு ஒண்ணு. பிரஸ்ஸிங் கம்பெனி, அதாவது தட்டு அச்சடிக்கற கம்பெனி, சில நூறு காப்பி அடிச்சுக் குடுக்கும், லேபிளுக்கு, அதாவது தட்டு வெளியிடற கம்பெனின்னு நடுவுல ஒட்டற பேப்பர்ல போடற பேருக்கு, என்ன பேரு வேணாலும் வெச்சுக்கலாம், நம்ம ஊர் பிரஸ்ல கல்யாணப் பத்திரிகை அடிச்சு வாங்கற மாதிரிதான். அதை ஸ்கூல்லயும் லோக்கல் கடைலயும் வித்து, ஊர் ரேடியோ ஸ்டேஷனுக்கு ஒண்ணு ரெண்டு குடுத்து, மீதி யார் வீட்டுப் பரண்லயோ கிடக்கும்.

ரொம்ப அபூர்வமா ஒண்ணு மேல போகும். போர்ட்லேண்ட்ல கிங்ஸ்மென்னு ஒரு பேண்டு, 1963ல "லூயி லூயி"ய ஒரே மூச்சுல பதிவு பண்ணாங்க, கிட்டார் சோலோ முடிஞ்சதும் பாடகர் அவசரப்பட்டு முன்னாடியே உள்ள வந்து சட்டுனு நிறுத்திக்குவாரு, அந்தத் தப்பு அப்படியே தட்டுல இருக்கு. வார்த்தை புரியலங்கறதுக்காக ஏதோ ஆபாசம் இருக்குன்னு புகார் போயி எஃப்பிஐ ரெண்டு வருஷத்துக்கு மேல விசாரிச்சு, எந்த ஸ்பீடுல போட்டாலும் ஒண்ணும் விளங்கலன்னு கைய விரிச்சுது. அதே மாதிரி மிச்சிகன்ல மெக்ஸிகோ வம்சாவளிக் குடும்பத்துப் பசங்க, பேண்டு பேரே கேள்விக்குறில ஆரம்பிக்கும், "? அண்ட் த மிஸ்டீரியன்ஸ்", "96 டியர்ஸ்" முதல்ல பா-கோ-கோன்னு ஒரு குட்டி லேபிள்ல வந்துச்சு, கேமியோ கம்பெனி எடுத்துப் போட்டதும் 1966 அக்டோபர்ல அமெரிக்க ஹிட் பட்டியலான பில்போர்டுல நம்பர் ஒன். மத்தவங்க எல்லாம் வியட்நாம் போருக்கு ஆள் எடுப்பு, காலேஜ், கல்யாணம்னு கலைஞ்சு போயாச்சு. அந்த மத்தவங்க தட்டைத்தான் இப்ப எல்லாரும் தேடறோம்.

எந்த டிஸ்கோகிராஃபி புத்தகம் வாங்கலாம்? ஒண்ணே ஒண்ணு போதும், வீட்டுல இடமும் இல்ல, பெர்மிஷனும் இல்ல.
— வாசகர், கோவை

பெர்மிஷன் விஷயத்துல நான் தலையிட முடியாது. (டிஸ்கோகிராஃபின்னா யாரு எந்தத் தட்டு எப்ப போட்டாங்கங்கற பட்டியல்.) ஒண்ணே ஒண்ணுன்னா மைக் மார்க்கேசிச் போட்ட "டீன்பீட் மேஹெம்", 2012ல வந்துச்சு, 1960கள் அமெரிக்க கராஜ் பேண்டுங்களோட பதிவு பதினாறாயிரத்துக்கும் மேல உள்ள இருக்கு. கதை படிக்கற புத்தகம் இல்ல அது. பழைய டெலிபோன் டைரக்டரி மாதிரி பேண்டு பேரு, ஊரு, லேபிள், நம்பர், தேதி, ரெண்டு பக்கப் பாட்டு, பத்துக்கு இத்தனைன்னு மார்க், அவ்ளோதான். கதை வேணும்னா வெர்னன் ஜாய்ன்சனோட "ஃபஸ், ஆசிட் அண்ட் ஃப்ளவர்ஸ்" இருக்கு, 1993ல முதல்ல வந்துச்சு, அதுல கராஜோட சைக்கடெலிக், ஹிப்பி ராக் எல்லாம் சேந்து 1975 வரைக்கும் போகும், யாரு என்ன வாசிச்சாங்கன்னு கூட இருக்கும். வலை ரொம்ப அகலம், அதனால ஓட்டையும் கொஞ்சம் அதிகம்.

இந்தப் புத்தகமெல்லாம் வர்றதுக்கு முன்னாடி எப்படித் தேடினாங்கன்னா பல பாட்டைத் தொகுத்த எல்பி, அதாவது பெரிய தட்டோட அட்டைப் பின்பக்கத்தைப் படிச்சுத்தான். 1972ல லென்னி கே தொகுத்து எலக்ட்ரா போட்ட "நக்கெட்ஸ்", டபுள் எல்பி, 27 பாட்டு, அதுலதான் ஆரம்பம். அதுல இருந்தது பாதிக்கு மேல ரேடியோவுல ஓடின பாட்டுதான். அதுக்கும் அடில தோண்டினது கிரெக் ஷாவோட "பெபிள்ஸ்" வரிசை, 70கள் கடைசில ஆரம்பிச்சது, மனுஷன் கலிபோர்னியால உக்காந்துக்கிட்டு அட்டையில ஆஸ்திரேலியா அட்ரஸ் போட்டிருப்பாரு, அந்தக் குசும்புக்காகவே எனக்குப் பிடிக்கும். 1983ல டிம் வாரன் "பேக் ஃப்ரம் த கிரேவ்" ஆரம்பிச்சு இன்னும் அடிமட்டத்துக்குப் போனாரு. நானும் அட்டைல படிச்ச பேரை ஒரு நாற்பது பக்க நோட்டுல எழுதி வெச்சுத் தேடின ஆளுதான்.

புத்தகத்தோட உண்மையான பிரயோஜனம் ஒரே பேருல நாலு பேண்டு இருக்கும்போது தெரியும். "அவுட்சைடர்ஸ்"னு தேடுங்க. கிளீவ்லேண்ட்ல ஒண்ணு, 1966ல கேப்பிட்டல் லேபிள்ல ஹிட்டு குடுத்தவங்க. ஆம்ஸ்டர்டாம்ல ஒண்ணு, அவங்க டச்சுக்காரங்க, சத்தமே வேற. பேரை மட்டும் பாத்து ஆர்டர் போட்டா வேற ஊர் ஆளு வந்து கதவைத் தட்டுவாரு. அதனால முதல்ல ஊரைப் பாருங்க, பேரு அப்புறம்.

ஒரிஜினலா, பின்னாடி அடிச்ச டூப்ளிகேட்டான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? புத்தகத்துல இருக்கற லேபிள், நம்பர் ரெண்டும் என் தட்டோட பொருந்துதே, அது போதாதா?
— வாசகி, சென்னை

போதாதும்மா. அது போதும்னு நினைச்சு ஏமாந்தவன்தான் பதில் எழுதறேன்.

சில வருஷம் முன்னாடி வெளிநாட்டு விற்பனைக்காரர் ஒருத்தர்கிட்ட ஒரு 1966 சிங்கிள் வாங்கினேன், தட்டு விலை, தபால், கஸ்டம்ஸ் எல்லாம் சேத்து என் அந்த மாசப் பட்ஜெட்டு காலி. வந்தவுடனே புத்தகத்தை எடுத்து வெச்சுப் பாத்தேன், லேபிள் பேரு சரி, நம்பர் சரி, கலர் கூட சரி. சந்தோஷமா ரெண்டு நாள் போட்டுக் கேட்டுட்டு மூணாம் நாள் வெளிச்சத்துல சாய்ச்சுப் பாக்கறேன், பாட்டு முடியற இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவுல வழவழன்னு ஒரு வளையம் இருக்கும் பாருங்க, டெட் வாக்ஸ்னு சொல்லுவாங்க, அதுல யாரோ ஆணியால கீறின மாதிரி கோணல்மாணலா ஒரு நம்பர். அந்தத் தட்டை அடிச்ச கம்பெனி வழக்கமா அச்சா ஸ்டாம்ப் பண்ற கம்பெனி. வயித்துல புளியைக் கரைச்சுது. பையனோட ஸ்டாம்ப் ஆல்பத்துக்கு வாங்கின பூதக்கண்ணாடிய எடுத்து லேபிளைப் பாத்தேன், எழுத்து ஓரமெல்லாம் குட்டிக் குட்டிப் புள்ளியா உதிருது. நிஜ லேபிள்ல எழுத்து முழுசா மை அப்பின மாதிரி நிக்கும், பழைய லேபிளைப் படம் பிடிச்சு மறுபடி அச்சடிச்சாத்தான் இப்படிப் புள்ளி வரும். விற்றவருக்கு எழுதினேன், பதிலே இல்ல.

அதனால இப்ப எல்லாரும் பாக்கற வரிசையில நான் பாக்கறதில்ல, முதல்ல டெட் வாக்ஸ், அப்புறம் லேபிள், கடைசியாத்தான் புத்தகம். அந்த வளையத்துல இருக்கறது ஒரு ஜாதகம். லாஸ் ஏஞ்சல்ஸ் மோனார்க் பிரஸ்ஸிங்னா வட்டத்துக்குள்ள எம்ஆர்னு ஒரு முத்திரை, கூடவே ஒரு முக்கோணமும் நம்பரும், அந்த நம்பர் ஏறிக்கிட்டே போகும், அதை வெச்சே தேதிய நெருங்கிடலாம். ஆர்சிஏ கம்பெனி தனியார் ஆர்டருக்கு அடிச்ச தட்டுல நம்பரோட முதல் எழுத்தே வருஷம்: ஆர்னா 1964, எஸ்னா 1965, டீன்னா 1966 (டீக்கடை டீ இல்ல, எஸ்ஸுக்கு அடுத்த எழுத்து), யூன்னா 1967. சின்சினாட்டில ரைட்னு ஒரு கம்பெனி, ஊர்ப்புற பேண்டுங்களுக்கும் சர்ச் பாட்டுக் குழுவுக்கும் ஏகப்பட்டது அடிச்சுக் குடுத்துச்சு, அவங்க நம்பர் வரிசைய வெச்சும் வருஷம் சொல்லிடுவாங்க.

இன்னொண்ணு, எல்லா 45ம் வினைல் இல்ல. நிறைய அமெரிக்கத் தட்டு ஸ்டைரீன்னு வேற ஒரு பிளாஸ்டிக், விறைப்பா இருக்கும், விரல் நகத்தால தட்டினா வினைல் "தொப்"னும், ஸ்டைரீன் "டிக்"னும் சத்தம் குடுக்கும். ஸ்டைரீன்ல மட்டுமே வந்ததா ஊர் உலகத்துக்கே தெரிஞ்ச தட்டு உங்க கையில வளையுதுன்னா உஷார். இந்த விவரமெல்லாம் புத்தகத்துல எல்லா என்ட்ரிக்கும் இருக்காது. நான் ஏமாந்த தட்டோட பக்கத்துல பென்சில்ல எழுதி வெச்சிருக்கேன், "கீறல் நம்பர் = போலி"ன்னு. புத்தகத்துல கிறுக்கறதுக்கு மனசு வராதவங்க டிஸ்கோகிராஃபி வாங்கவே வேணாம், கிறுக்கக் கிறுக்கத்தான் அது நம்ம புத்தகம் ஆகும்.

அமெரிக்கால இருந்து வந்த 45 நடுவுல பெரிய ஓட்டையா இருக்கு, உடைஞ்சு போச்சா?
— வாசகர், சேலம்

உடையல. 1949ல ஆர்சிஏ கொண்டு வந்தப்பவே அது பெரிய ஓட்டைதான், கிட்டத்தட்ட ஒன்றரை இஞ்ச். நம்ம எச்எம்வி 45ல சின்ன ஓட்டை பாத்துப் பழகிட்டோம். பிளாஸ்டிக் அடாப்டர் சல்லிசாக் கிடைக்கும், சரியா நடுவுல உக்காருற மாதிரி வாங்குங்க, இல்லன்னா பாட்டு தள்ளாடும்.

விஜி பிளஸ்னு போட்டு வித்தாங்க, வந்தது கரகரங்குது. யாரு சொல்றதை நம்பறது?
— வாசகர், மதுரை

அமெரிக்காவுல கோல்ட்மைன் பத்திரிகையோட அளவுகோல்தான் வழக்கம்: மின்ட் (புத்தம் புதுசு), நியர் மின்ட், விஜி பிளஸ், விஜி (வெரி குட்), அதுக்குக் கீழ ஜின்னு போட்டா "குட்", ஆனா குட்டுனா நல்லதுன்னு அர்த்தம் இல்ல, ஓடும் அவ்ளோதான். பிரிட்டிஷ்காரங்க நடுவுல எக்ஸலன்ட்னு ஒண்ணு வெச்சிருக்காங்க, அதனால ரெண்டு நாட்டு விஜியும் ஒண்ணு இல்ல. முக்கியமா கேக்க வேண்டியது "கண்ணால பாத்து போட்ட கிரேடா, போட்டுக் கேட்டு போட்டதா"ன்னு. ஸ்டைரீன் தட்டு பாக்கறதுக்குப் பளபளன்னு இருக்கும், பழைய வெயிட்டான ஊசில நூறு தடவை ஓடியிருந்தா உள்ள கரகரப்புதான் மிச்சம். அதே சமயம் இந்தப் பாட்டுங்களே கரகரப்பாத்தான் பதிவு ஆச்சு, பசங்க ஃபஸ் பாக்ஸை (கிட்டார் சத்தத்தைக் கரகரப்பாக்கற பெட்டி) மிதிச்சு வெச்சு வாசிச்சதை எல்லாம் தட்டோட குறைன்னு விற்றவர்கிட்ட சண்டைக்குப் போகாதீங்க, ஒரு வாசகர் நிஜமாவே போயிருக்காரு.

புத்தகத்துல பத்துக்கு ஒன்பது மார்க் குடுத்திருக்கற தட்டை கடன் வாங்கியாவது வாங்கலாமா?
— வாசகர், புதுச்சேரி

கடனா, வேணாம். அந்த மார்க் கராஜ் பைத்தியங்க குடுத்த மார்க், அவங்களுக்கு உறுமலும் ஃபஸ்ஸும் கோபமும் இருந்தா ஒன்பது, மென்மையா ஒரு காதல் பாட்டுன்னா மூணு. எனக்கு அந்த மூணு மார்க் பாட்டுங்கள்ல சிலது உயிரு, பதினேழு வயசுப் பையன் அழுகையை அடக்கிக்கிட்டு பாடற மாதிரி இருக்கும், விலையும் கம்மி, யாரும் போட்டிக்கு வரமாட்டாங்க. மார்க்கைப் பாத்து வாங்காதீங்க, பாட்டை எங்கயாவது கேட்டுட்டு வாங்குங்க, விலை தெரியணும்னா தட்டு வாங்கி விக்கற டிஸ்காக்ஸ் வெப்சைட்ல இதுக்கு முன்னாடி என்ன விலைக்குப் போச்சுன்னு பாருங்க, இப்ப கேக்கற விலைய இல்ல. கேக்கறதுக்கு என்ன, யாரு வேணாலும் கேக்கலாம்.

இந்தியாவுல இந்த மாதிரி எதுவும் இல்லையா சார்?
— வாசகர், பெங்களூரு

இருக்கு, கொஞ்சம் லேட்டா. சிம்லா சிகரெட்டு விளம்பரத்துக்காக இம்பீரியல் டொபாக்கோ கம்பெனி நடத்தின சிம்லா பீட் போட்டி, பல ஊர்ல இருந்து பேண்டுங்க வந்து வாசிச்சு, 1970லயும் 1971லயும் ரெண்டு எல்பி வந்துச்சு. அமெரிக்காவுல கராஜ் சத்தம் அடங்கின அப்புறம் இங்க ஃபஸ் கிட்டார் கேக்குது. வெளிநாட்டுக்காரங்க அதைத் தேடித் தேடி வாங்கறாங்க, ரீஇஷ்யூவும் வந்தாச்சு. ஒரிஜினல் உங்க மாமா பீரோல இருந்தா எனக்கு முதல்ல எழுதுங்க, நியாயமா நடந்துக்குவேன்.

நான் நியூஜெர்சில இருக்கேன் அண்ணா, பக்கத்து வீட்டு கராஜ் சேல்ல ஒரு டாலருக்கு ஒரு 45 வாங்கினேன், நீங்க சொல்ற ரெண்டு புத்தகத்துலயும் அந்த பேண்டு இல்ல. டெட் வாக்ஸ்ல டீ4கேஎம்னு ஆரம்பிக்குது. புதையலா?
— வாசகர், எடிசன்

1966, ஆர்சிஏ அடிச்சது, அது வரைக்கும் உறுதி. மேல குதிக்காதீங்க தம்பி, அதே வருஷம் அதே மெஷின்ல சர்ச் குவார்ட்டெட்டு, ஸ்கூல் பேண்டு வாத்தியம், போல்கா எல்லாம் அடிச்சிருக்காங்க, புத்தகத்துல இல்லாததுக்குப் பெரும்பாலும் காரணம் அது கராஜே இல்லங்கறதுதான். லேபிள்ல பாட்டு எழுதினவங்க பேரு அடைப்புக்குறிக்குள்ள இருக்கும், ஊர் பேரோ அட்ரஸோ இருந்தா இன்னும் நல்லது, அந்த ஊர் லைப்ரரில 1966 பேப்பரைப் புரட்டினா ஸ்கூல் டான்ஸ் விளம்பரத்துல பேண்டு பேரு மாட்டும். நீங்க அனுப்பின போட்டோல ஒரு பக்கம்தான் இருக்கு, தலைப்பைப் பாத்தா மெதுவான பாட்டு மாதிரி தெரியுது. இந்தப் பசங்க ரேடியோவுக்குன்னு, அம்மாவுக்குப் பிடிக்கற மாதிரி ஒரு பாட்டை முன்பக்கம் போட்டுட்டு அவங்களுக்குப் பிடிச்சதைப் பின்பக்கம் ஒளிச்சு வெச்சிருப்பாங்க. திருப்பிப் போட்டுக் கேட்டுட்டு மறுபடி எழுதுங்க.