டிடிஇ-யில் லித்தியம் உப்பு கரையவில்லையா?

டிடிஇ (TTE) என்பது லித்தியம் பேட்டரி மின்பகுளியில் சேர்க்கும், ஃப்ளோரின் ஏறிய ஈதர் திரவம். சூடாக்கினாலும் விடிய விடியக் கலக்கினாலும் அதில் எல்ஐஎஃப்எஸ்ஐ (LiFSI) என்ற லித்தியம் உப்பு கரையாது. உப்பை மாற்றிப் பயனில்லை. ஃப்ளோரின் எலக்ட்ரானை இழுத்துக்கொள்வதால், ஈதர் ஆக்சிஜனுக்கு லித்தியம் அயனியைப் பிடிக்கத் தெம்பில்லை.

முதலில் உப்பை டிஎம்இ-யில் (DME, ஃப்ளோரின் இல்லாத ஈதர் கரைப்பான்) அடர்த்தியாகக் கரையுங்கள். தெளிந்ததும் டிடிஇ-யைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். லித்தியம் டிஎம்இ-யோடும் உப்பின் எதிரயனியோடும்தான் (எதிர்மின் அயனி) ஒட்டியிருக்கும். டிடிஇ கல்யாண வீட்டுக்கு வந்த வெளியாள் மாதிரி சும்மா நிற்கும். பாகுத்தன்மையைக் குறைப்பதுதான் அதன் முக்கிய வேலை.

குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கலங்கலோ இரண்டு அடுக்கோ தெரிந்தால் டிடிஇ கூடிவிட்டது. ராமன் நிறமாலைக் கருவி கிடைத்தால் இன்னும் நல்லது: லித்தியத்தோடு சேர்ந்த டிஎம்இ 875 செ.மீ⁻¹ அருகில் ஒரு முகடு காட்டும். டிடிஇ விட்ட பிறகும் அது அங்கேயே இருக்க வேண்டும்.

புதுச்சேரி காலாப்பட்டின் ஈரமான கடல்காற்றில் திறந்த மேஜையில் செய்யாதீர்கள், ஆர்கான் வாயு நிரப்பிய கையுறைப் பெட்டிக்குள்தான். எல்ஐபிஎஃப்6 (LiPF6) என்ற லித்தியம் உப்பு என்றால் ஈரம் பட்டதும் ஹைட்ரஜன் ஃப்ளோரைடு வரும்.