தாத்தாவின் செவ்ரோலெட்டுக்கு ஓவர்டிரைவ் போடலாமா?

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கத்து டோங்காட்டிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவரிடம் இருப்பது 1952 செவ்ரோலெட் 3100 அரை டன் பக்கி (பிக்கப் வண்டி). 216 கன அங்குல எஞ்சின், மூன்று கியர். டர்பன் வார்விக் அவென்யூ காலைச் சந்தைக்குத் தாத்தா காய்கறி ஏற்றிப்போன வண்டி. இப்போது மேட்டில் கிளட்ச் வழுக்குகிறது, கிளம்பும்போது வண்டி முழுக்க அதிர்கிறது. 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் எஞ்சின் அலறுகிறது. தங்கை மகள் கல்யாணத்துக்கு ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியா வரை இதிலேயே போக ஆசை. "கியர் பெட்டியை எப்படியும் இறக்கத்தான் போகிறோம், அதோடு ஓவர்டிரைவும் போட்டுவிடலாம் என்கிறார் எங்கள் மெக்கானிக். பழைய வோல்வோ காரிலிருந்து எடுத்த ஓவர்டிரைவ் ஒன்று அவரிடம் இருக்கிறது. வாங்கலாமா? கிளட்ச் செட்டுக்கு இப்போதே ஆர்டர் கொடுத்துவிடட்டுமா?" என்று கேட்கிறார்.

ஓவர்டிரைவ் என்பது அதே வேகத்தில் எஞ்சினைக் குறைவாகச் சுற்றவைக்கும் கூடுதல் கியர். வோல்வோ ஓவர்டிரைவை வாங்காதீர்கள். கிளட்சுக்கும் இன்னும் ஆர்டர் கொடுக்காதீர்கள். இரண்டு வேலையையும் ஒரே இறக்கத்தில் முடிப்பது நல்ல யோசனைதான். ஆனால் முடிவெடுப்பதைப் பின் அச்சில் தொடங்கி முன்னால் வரவேண்டும். எந்த அச்சு என்று தெரிந்தால்தான் எந்தக் கியர் பெட்டி என்று தெரியும். கியர் பெட்டி முடிவானால்தான் எந்த கிளட்ச் என்று தெரியும். பலர் கிளட்சை முதலில் வாங்கிவிட்டு, அப்புறம் அதன் ஸ்ப்லைன் (நடுத்துளையின் பற்கள்) புதுக் கியர் பெட்டியின் ஷாஃப்டில் ஏறவில்லை என்று தவிக்கிறார்கள். கிளட்ச் பிளேட் எஞ்சினுக்குப் பொருந்தினால் போதாது, அதன் நடுத்துளை கியர் பெட்டிக்கும் பொருந்தவேண்டும்.

வண்டிக்கு அடியில் படுத்து, கியர் பெட்டிக்குப் பின்னால் பாருங்கள். சுழலும் ஷாஃப்ட் கண்ணில் படாது. முன்னால் ஒரு பந்து மூட்டும், அதிலிருந்து பின் அச்சின் நடுவிலுள்ள டிஃபரன்ஷியல் வரை ஒரு தடித்த குழாயும்தான் தெரியும். இதுதான் டார்க் டியூப். ஷாஃப்ட் அதற்குள் ஓடுகிறது. 1947-லிருந்து 1954 வரை வந்த 3100 எல்லாம் இப்படித்தான். அதே காலத்து 3600, 3800 வண்டிகளில் ஷாஃப்ட் திறந்தே இருக்கும். டார்க் டியூப் வெறும் உறை இல்லை. பின்சக்கரம் வண்டியை முன்னே தள்ளும் விசை இந்தக் குழாய் வழியாகத்தான் கியர் பெட்டியின் பின்புறத்துக்கு வந்து, அங்கிருந்து சட்டத்துக்குப் போகிறது. வோல்வோ ஓவர்டிரைவ் அதன் சொந்தக் கியர் பெட்டியின் வாலில் மாட்டுவதற்காகச் செய்தது. திறந்த ஷாஃப்டைச் சுழற்றத் தெரியும், வண்டியின் முழுத் தள்ளுவிசையைத் தாங்க அதன் உறை செய்யப்படவில்லை. போதாததற்கு அதை இயக்கும் சொலினாய்டு (மின்காந்தம்) 12 வோல்ட், உங்கள் வண்டி 6 வோல்ட்.

சரி, எஞ்சின் ஏன் அலறுகிறது? கணக்குப் போட்டுப் பார்ப்போம். 16 அங்குல ரிம்மில் உங்கள் டயர் ஏறக்குறைய 71 சென்டிமீட்டர் உயரம், ஒரு சுற்றுக்கு 2.23 மீட்டர். 90 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்கு 670 சுற்று சுற்றும். அச்சின் விகிதம் 4.11, அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் 4.11 சுற்று சுற்றவேண்டும். ஆகவே டாப் கியரில் எஞ்சின் சுமார் 2,760 சுற்று. புது எஞ்சினுக்கு இது ஒன்றுமே இல்லை. ஆனால் 216-இல் கனெக்டிங் ராட் பேரிங்குகளுக்கு அழுத்தத்தில் ஆயில் போவதில்லை. ராடின் அடியில் கரண்டி மாதிரி ஒரு முனை இருக்கிறது, அது ஆயிலை மொண்டு கொடுக்கிறது. பேரிங்கும் உருக்கி ஊற்றிய பாபிட் உலோகம். இந்த எஞ்சினை மணிக்கணக்கில் 2,800 சுற்றில் விரட்டுவது பாவம். அதனால் சுற்றைக் குறைக்கவேண்டும் என்ற உங்கள் எண்ணம் முற்றிலும் சரி.

குறைக்க மூன்று வழி உண்டு. எளியது, அச்சுக்குள் இருக்கும் கிரவுன் வீல், பினியன் செட்டை மட்டும் மாற்றுவது. 1950 முதல் 1954 வரை பவர்கிளைடு ஆட்டோமேட்டிக் போட்டு வந்த செவ்ரோலெட் கார்களில் 3.55 விகிதம் இருந்தது. அந்தச் செட் உங்கள் அச்சில் பொருந்தும். டார்க் டியூப், கியர் பெட்டி, 6 வோல்ட் எல்லாம் அப்படியே இருக்கும். 90-இல் 2,760 சுற்று 2,390 ஆகும். பழைய வண்டி பழையபடியே இருக்கவேண்டும் என்று நினைப்பவருக்கு இதைத்தான் சொல்வேன். குறை என்னவென்றால், இது எல்லாக் கியரையும் சேர்த்தே நீட்டிவிடும். மேட்டில் வேண்டாம் என்று விலக்கிவைக்க முடியாது.

இரண்டாவது, 1955-க்குப் பிறகு செவ்ரோலெட்டில் வந்த போர்க்-வார்னர் ஓவர்டிரைவோடு சேர்ந்த மூன்று கியர் பெட்டி. விகிதம் 0.70, அதாவது 90-இல் வெறும் 1,930 சுற்று. மூன்றாவது, ஒரு ஐந்து கியர் பெட்டி. அமெரிக்காவில் டி5 போடுவார்கள். நம் ஊரில் ஹைலக்ஸ் பெட்டியே நடைமுறைக்கு ஏற்றது. டொயோட்டா ஆலை டர்பன் பிராஸ்பெக்டனிலேயே இருப்பதால் உதிரிக்குப் பஞ்சமில்லை. அதன் ஐந்தாவது கியர் சுமார் 0.85, சுற்று 2,350 பக்கம் வரும். இந்த இரண்டு வழிக்கும் டார்க் டியூப் போயே ஆகவேண்டும். திறந்த ஷாஃப்ட் அச்சு, அதற்கேற்ற ஸ்பிரிங் இருக்கை, புது ப்ராப்ஷாஃப்ட் என்று வேலை நீளும். பினியனும் கியர் பெட்டியின் வெளி ஷாஃப்டும் ஒன்றுக்கொன்று இணையான கோணத்தில் நிற்கவேண்டும், இல்லையென்றால் 70-க்கு மேல் தரை அதிரும். 3.55 அச்சையும் 0.70 ஓவர்டிரைவையும் சேர்த்துப் போடலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மொத்த விகிதம் 2.5-க்கு இறங்கிவிடும். 92 குதிரைத்திறன் எஞ்சினால் அதை இழுக்க முடியாது.

போகும் பாதையையும் கணக்கில் சேர்க்கவேண்டும். டோங்காட் கிட்டத்தட்ட கடல் மட்டம். என்3 சாலை பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டி ஏறிக்கொண்டே போய், வான் ரீனன் கணவாயில் சுமார் 1,680 மீட்டரைத் தொடுகிறது. டர்போ இல்லாத எஞ்சின் 100 மீட்டர் ஏற்றத்துக்கு ஏறத்தாழ 1 சதவீதம் சக்தியை இழக்கும். அங்கே உங்கள் 92 குதிரைத்திறன் 77 அளவில்தான் இருக்கும். அந்த உயரத்தில், மேட்டில், 0.70-ஐப் பிடித்துக்கொண்டு போக முடியாது. சுற்று குறைந்து, எஞ்சின் முக்கி முனகி இழுத்தால், அதுவும் பாபிட் பேரிங்கைத்தான் நொறுக்கும். ஓவர்டிரைவ் சமவெளிக்கு உரியது. 75-க்குக் கீழே அதைத் தொடவேண்டாம்.

இறக்கம் இதைவிடப் பெரிய விஷயம். போர்க்-வார்னர் ஓவர்டிரைவ் வேலை செய்யும் விதம் இப்படி: ஏறக்குறைய 45 கிலோமீட்டர் வேகம் வந்ததும், வேகத்தை உணரும் கவர்னர் மின்சுற்றை மூடும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் சொலினாய்டு ஒரு கொக்கியைத் தள்ளி நடுக்கியரைப் பிடித்துக்கொள்ளும், ஒரு 'டக்' சத்தம், ஓவர்டிரைவ் விழுந்துவிட்டது. அந்த வேகத்துக்குக் கீழே வந்தால் கொக்கி விடுபடும். அப்போது ஓவர்டிரைவைப் பூட்டும் கைப்பிடி உள்ளே தள்ளியபடி இருந்தால் வண்டி எஞ்சினோடு தொடர்பில்லாமல் தானாக உருளும். காலை எடுத்தாலும் எஞ்சின் பிடிக்காது, முழுப் பாரமும் பிரேக்கில். உங்கள் பிரேக்கோ நான்கும் டிரம், ஒற்றை மாஸ்டர் சிலிண்டர். 2013-இல் பைன்டவுன் ஃபீல்ட்ஸ் ஹில்லில் ஒரு கனரக லாரி நிற்கமுடியாமல் பாய்ந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை நம் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. உங்கள் வண்டி சின்னது, ஆனால் சரிவின் விதி ஒன்றுதான். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் டவுன் ஹில், வான் ரீனன் போன்ற இறக்கம் தொடங்கும் முன்பே, எஞ்சின் வண்டியை இழுத்துக்கொண்டிருக்கும்போதே கைப்பிடியை வெளியே இழுத்துப் பூட்டிவிடுங்கள். உருளும்போது வலுக்கட்டாயமாக இழுத்தால் உள்ளே பல் உடையும். வண்டியில் குழந்தைகளும் ஏறுவார்கள் என்றால், ஓவர்டிரைவுக்கு முன்னால் பிரேக்குக்குத்தான் பணம் போகவேண்டும்.

எல்லாவற்றையும் பார்த்தால் உங்களுக்கு நான் சொல்வது 3.55 செட், அதோடு கிளட்ச். கல்யாணத்துக்கு ஒரு முறை லெனேசியா, மற்ற நாளெல்லாம் டோங்காட், வெருலம் சுற்றுவட்டாரம் என்றால் அது தாராளம். மாதாமாதம் என்3-இல் போவீர்கள் என்றால் மட்டும் அச்சை மாற்றி ஹைலக்ஸ் பெட்டிக்குப் போங்கள்.

இனி கிளட்ச். இந்த வண்டியில் கியர் பெட்டியை கேபினின் தரைத்தகட்டைக் கழற்றி உள்ளிருந்தே எடுக்கலாம். முதலில் பந்து மூட்டின் உறையைப் பின்னால் நகர்த்தி யுனிவர்சல் ஜாயின்டைப் பிரிக்கவேண்டும். பெல்-ஹவுசிங்கை விட்டுவிடுங்கள். எஞ்சினின் பின்பக்கத்தைத் தாங்குவதே அதுதான். கியர் பெட்டியைப் பிடித்திருக்கும் நான்கு போல்ட்டில் மேல் இரண்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தலை வெட்டிய இரண்டு நீள போல்ட்டைத் திருகுங்கள். பெட்டி அவற்றின் மேல் வழுக்கி நேராகப் பின்னால் வரும். இதைச் செய்யாமல் இழுத்தால் பெட்டியின் முழு எடையும் கிளட்ச் பிளேட்டின் நடுவில் தொங்கும். மறுபடி மாட்டும்போது இப்படித் தொங்கவிட்டால் புதுப் பிளேட் வளைந்து, முதல் நாளே பழைய அதிர்வு வந்துவிடும்.

திறந்ததும் உள்ளே கறுப்புத் தூள் இருக்கும். காற்றடித்து ஊதாதீர்கள். அந்தக் காலத்து கிளட்ச் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. இந்த நாட்டில் அது 2008-இல் தடைசெய்யப்பட்டது, ஆனால் உங்கள் பெல்-ஹவுசிங்குக்குள் இன்னும் இருக்கலாம். ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி வையுங்கள்.

லைனிங்கில் எண்ணெய் பளபளத்தால், வழுக்கலுக்குக் காரணம் தேய்மானம் மட்டுமில்லை. எஞ்சினின் பின் பேரிங்கிலிருந்தா, கியர் பெட்டியின் முன்புறத்திலிருந்தா என்று பார்த்து, கசிவை நிறுத்திய பிறகே புதுப் பிளேட். ஃப்ளைவீலில் நீலத் திட்டோ மயிரிழை விரிசலோ இருந்தால் லேத்தில் கொடுத்துச் சமப்படுத்துங்கள். அதிர்வுக்குப் பாதி காரணம் பெரும்பாலும் இந்த முகம்தான்.

கிராங்க் நுனியிலிருக்கும் பைலட் புஷ்ஷைப் பலர் மாற்றாமல் விட்டுவிடுகிறார்கள். சின்ன வெண்கல வளையம், மலிவு, ஆனால் அதற்காக மறுபடி பெட்டியை இறக்குவது பெரும்பாடு. எடுக்கும் வழி எளிது: துளை நிறைய கிரீஸை அமுக்கி, துளையில் இறுக்கமாக நுழையும் இரும்புக் கம்பியை வைத்துச் சுத்தியலால் அடியுங்கள். கிரீஸுக்குப் போக இடமில்லை, புஷ்ஷைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வந்துவிடும். கம்பி தொளதொளவென்று இருந்தால் கிரீஸ் உங்கள் முகத்துக்குத்தான் வரும். துளையை நன்றாகத் துடைத்துவிட்டு, எஞ்சின் ஆயிலில் ஊறவைத்த புதுப் புஷ்ஷை அடியுங்கள்.

ரிலீஸ் பேரிங் வாங்கும்போது நீளத்தைப் பழையதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். செவ்ரோலெட்டுக்கு இரண்டு நீளத்தில் கிடைக்கும். வட்ட டயஃப்ரம் ஸ்பிரிங் பிரஷர் பிளேட்டுக்கு ஒன்று, மூன்று விரல் உள்ளதற்கு வேறு. மாறிப்போனால் கிளட்ச் விடுபடாது, அல்லது பேரிங் எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும். பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். கடைசியில் பெடலில் இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் வெற்று ஆட்டம் இருக்கவேண்டும்.

ஐந்து கியர் பெட்டிக்குப் போனால் ஒரு வேலை கூடுதல். இடையில் வரும் அடாப்டர் தகட்டின் நடுத்துளை கிராங்கின் மையத்தோடு ஒத்துவர வேண்டும். டயல் கேஜை ஃப்ளைவீலில் கட்டி ஒரு முழுச் சுற்று சுற்றினால் முள் 0.13 மில்லிமீட்டருக்கு மேல் ஆடக்கூடாது. லேத்காரர் "சரியாகத்தான் இருக்கு" என்று சொன்னாலும் அளந்து பார்த்தே மாட்டுங்கள்.

டார்க் டியூபை வைத்துக்கொள்வதாக இருந்தால், பந்து மூட்டுக்குள் இருக்கும் புஷ்ஷையும் சீலையும் இதே இறக்கத்தில் மாற்றிவிடுங்கள். அவை தேய்ந்தால் கியர் பெட்டி ஆயில் குழாய் வழியாக மெல்ல டிஃபரன்ஷியலுக்கு ஓடிவிடும். பெட்டி வறண்டுபோகும். டிஃபரன்ஷியல் நிரம்பி வழிந்து, ஆயில் பின் பிரேக் டிரம்முக்குள் போகும். வெளியே தரையில் ஒரு சொட்டுகூட விழாது என்பதால் யாருக்கும் தெரியவராது. உங்கள் வண்டியில் இன்றே இரண்டு ப்ளக்கையும் திறந்து பாருங்கள். டிஃபரன்ஷியல் ப்ளக்கிலிருந்து ஆயில் கொட்டினால் விஷயம் புரிந்துவிடும்.

எல்லாம் மாட்டிய பிறகு முதல் 500 கிலோமீட்டருக்குப் பாரம் ஏற்றாதீர்கள், மேட்டில் கிளட்சைப் பாதி மிதித்து வண்டியை நிறுத்திவைக்காதீர்கள். 3.55 போட்டால் ஸ்பீடோமீட்டர் உண்மையைவிட ஏறக்குறைய 14 சதவீதம் குறைத்துக் காட்டும். அதன் சின்னக் கியரை மாற்றும்வரை போனில் ஜிபிஎஸ் பார்த்து ஓட்டுங்கள். முதல் நீள ஓட்டத்தை என்2-இல் பாலிட்டோ பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்து ஆயில் மட்டம், போல்ட்டுகள், பெடல் ஆட்டம் மூன்றையும் மறுபடி பார்த்துவிட்டு, அப்புறம் என்3-ஐ யோசிக்கலாம்.