போன வருஷம் நட்ட செடி எங்க அக்கா? (வாசகர் கடிதமும் பதிலும்)

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நீங்க எழுத வர்றதுக்கு முன்னாடி பல வருஷம் களப்பணியில இருந்தீங்கன்னு உங்க பக்கத்துல படிச்சேன், அதான் உங்ககிட்ட கேக்கலாம்னு எழுதுறேன். பி.காம் முடிச்சிட்டு ரெண்டு வருஷம் ஆபீஸ் வேலை பார்த்தேன், மனசு ஒட்டல. இப்போ ஒரு சூழலியல் அமைப்புல ஒரு வருஷ டிரெய்னியா சேர்ந்து மூணு மாசம் ஆகுது. வாரத்துல மூணு நாள் கெட்டுப்போன நிலத்தை மீட்குற வேலை, ரெண்டு நாள் ஸ்கூல் பிள்ளைங்களை அந்த நிலத்துக்கு கூட்டிட்டு வந்து சொல்லிக்குடுக்குற வேலை. காடு வளர்க்கப்போறோம்னு நினைச்சுதான் சேர்ந்தேன். மூணு மாசமா களைதான் பிடுங்குறேன், ஒரு கன்னுகூட நடல. பிள்ளைங்க வந்தா நாப்பது பேரும் ஒரே சத்தம், நான் தயார் பண்ணிட்டு போறது எதுவும் நடக்குறதில்ல. "படிச்சிட்டு புல்லு புடுங்கவா போன"ன்னு வீட்டுல கேக்குறாங்க, எனக்கே அந்தக் கேள்வி வந்துடுச்சு. தாவரவியல் படிக்காத எனக்கு இதுல எதிர்காலம் இருக்கா, இல்ல வருஷம் முடிஞ்சதும் பழைய வேலைக்கே திரும்பிடலாமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

உங்க கடிதத்தை ரெண்டு தடவை படிச்சேன். எதிர்காலம் பத்தி கடைசில பேசுவோம். "ஒரு கன்னுகூட நடல"ன்னு வருத்தமா எழுதியிருக்கீங்க பாருங்க, எனக்கு அதைப் படிச்சதும் உங்க அமைப்பு மேல ஒரு மரியாதை வந்துச்சு. ஏன்னு சொல்றேன்.

நான் வேலைக்கு சேர்ந்த முதல் வருஷம், ஜூன் 5, உலக சுற்றுச்சூழல் நாள். நான் இருந்த இடத்துல ஒரு திறந்த புல்வெளியில ஸ்கூல் பிள்ளைங்களை கூட்டிட்டு வந்து இருநூறு மரக்கன்னு நட்டோம், போட்டோ எடுத்தோம், எல்லாரும் சந்தோஷமா போனாங்க. மழை எப்போ வரும்னு பார்த்து நட்ட நாள் இல்ல அது, காலண்டரைப் பார்த்து நட்ட நாள். அதைவிட பெரிய தப்பு, அந்த நிலம் மரம் நிக்கிற நிலமே கிடையாது, புல்லுக்கான நிலம், மேல்மண் கொஞ்சம்தான், அடியில பாறை. அடுத்த வருஷம் அதே ஸ்கூல் திரும்ப வந்தப்போ ஒரு பொண்ணு நேரா என்கிட்ட வந்து "போன வருஷம் நான் நட்ட செடி எங்க அக்கா"ன்னு கேட்டா. கன்னுக்கு ஒரு பேர்கூட வச்சிருந்தா, அந்தப் பேரைச் சொல்லிதான் கேட்டா. நான் "வேற இடத்துக்கு மாத்திட்டோம்மா, நல்லா இருக்கு"ன்னு பொய் சொன்னேன். இத்தனை வருஷம் கழிச்சும் அந்தப் பொய்யை நினைச்சா நெஞ்சுக்குள்ள ஏதோ பண்ணுது. செடி செத்ததைக்கூட தாங்கிக்கலாம், ஏன் செத்துச்சுன்னு அவகூட உக்காந்து பார்த்திருக்கலாம், அதுதான் அன்னைக்கு நான் எடுத்திருக்க வேண்டிய பாடம், அதை விட்டுட்டேன்.

அதனால நடாம இருக்குறதும் ஒரு வேலைதான்னு எனக்கு நல்லா தெரியும். சூழல் மீட்புக்கான சர்வதேச சங்கம்னு ஒண்ணு 1988ல ஆரம்பிச்சாங்க, அவங்க குடுக்குற விளக்கமே சிதைஞ்சு போன ஒரு சூழல் தன்னைத்தானே சரிபண்ணிக்க உதவுறதுதான் மீட்புங்கிறது. உதவுறது, அவ்வளவுதான். சதுப்புநிலத்துல இதை ரொம்ப தெளிவா பார்க்கலாம். பல நாடுகள்ல கரையோர சேத்துல வரிசையா அலையாத்தி (மாங்குரோவ்) நட்டு, எல்லாம் அலையில போயிருக்கு. ஆனா அமெரிக்காவுல ஃப்ளோரிடாவுல ராபின் லூயிஸ்னு ஒரு சூழலியலாளர் வேற மாதிரி செஞ்சு காட்டினார், நிலத்தோட மட்டத்தையும் கடல்தண்ணி ஏறி இறங்குற வழியையும் சரிபண்ணி விட்டார், விதை தானா மிதந்து வந்து ஒதுங்கி முளைச்சிடுச்சு. நாத்து நட்டிருந்தா போட்டோ நல்லா வந்திருக்கும், தண்ணிக்கு வழி பண்ணினதாலதான் காடு வந்துச்சு.

சரி, களைக்கு வரேன். 1960கள்ல ஆஸ்திரேலியாவுல சிட்னி பக்கம் ஜோன் பிராட்லி, ஐலீன் பிராட்லின்னு ரெண்டு அக்கா தங்கச்சி இருந்தாங்க. வீட்டுக்கு பக்கத்துல இருந்த புதர்க்காட்டுல நடந்து நடந்து, கையால களை எடுத்து எடுத்தே ஒரு முறையை உருவாக்கினாங்க, இன்னைக்கும் அவங்க பேர்லதான் அதைச் சொல்றாங்க. ரொம்ப எளிமை. களை அடர்ந்து கிடக்குற மோசமான இடத்துல ஆரம்பிக்காதீங்க, நல்லா இருக்குற இடத்துல ஆரம்பிச்சு மெதுவா மோசமான இடத்தை நோக்கி போங்க. மண்ணை முடிஞ்சவரைக்கும் கிளறாதீங்க. சொந்த மண்ணோட செடி எவ்வளவு வேகமா திரும்ப வருதோ அந்த வேகத்துக்குத்தான் களை எடுக்கணும், அதை மீறக்கூடாது. நமக்கு கை துறுதுறுங்கும், ஒரே நாள்ல மொத்தத்தையும் மொட்டை அடிச்சா வேலை செஞ்ச மாதிரி தெரியும், ஆனா அப்படி திறந்து போட்ட மண்ணுல வெயில் பட்டதும் உள்ள தூங்கிட்டிருந்த களை விதை எல்லாம் எழுந்து வரும், முன்னாடி இருந்ததைவிட மோசமா ஆகும். நானே ரெண்டு தடவை இப்படி ஆக்கியிருக்கேன்.

நீங்க பிடுங்குறது என்ன களைன்னு எழுதல. உண்ணிச்செடியா இருந்தா மேல வெட்டினா போதாது, தண்டும் வேரும் சேர்ற இடத்துக்கு கீழ வெட்டி எடுக்கணும், இல்லன்னா அங்கிருந்தே தழைச்சிடும், அப்புறம் அதோட பழத்தை குருவிங்க தின்னுட்டு எங்கெங்கயோ விதைக்குறதால திரும்ப திரும்ப அதே இடத்துக்கு வந்து இளசுலயே பிடுங்கணும். பார்த்தீனியமா இருந்தா பூக்குறதுக்கு முன்னாடி எடுத்தாகணும், ஒரு செடியே ஆயிரக்கணக்குல விதை போடும், கையுறையும் முழுக்கை சட்டையும் இல்லாம தொடாதீங்க, தோல் அலர்ஜி வரும், பிள்ளைங்களை அது பக்கத்துலயே விடாதீங்க. இதெல்லாம் உங்க சீனியர் சொல்லியிருப்பாங்க, சொல்லலன்னா கேளுங்க. ஏன் இந்தச் செடி, ஏன் இந்த மாசம், ஏன் இந்தப் பக்கத்துல இருந்துன்னு தினமும் கேளுங்க. காரணம் தெரியாம பிடுங்கினா அது கூலி வேலை, காரணம் தெரிஞ்சு பிடுங்கினா மூணு மாசத்துல அந்த நிலம் உங்களுக்கு படிக்க வந்துடும். தாவரவியல் படிக்கலைன்னு சொல்றீங்களே, பிடுங்க வேண்டியது எது, விட வேண்டியது எதுன்னு முளையிலயே, ரெண்டு இலையா இருக்கும்போதே அடையாளம் தெரியுதில்ல இப்போ? டிகிரி வாங்கின பலபேருக்கு அது தெரியாது.

ஒரு வேலை மட்டும் இன்னைக்கே ஆரம்பிச்சிடுங்க. நிலத்துல நாலஞ்சு இடத்துல கல்லோ குச்சியோ அடையாளம் வச்சு, மாசம் ஒரு தடவை அதே இடத்துல நின்னு அதே திசையைப் பார்த்து ஒரு போட்டோ. பக்கத்துல ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் கயிறு கட்டி உள்ள என்னென்ன செடி எத்தனை இருக்குன்னு எண்ணி நோட்டுல எழுதுங்க, பேர் தெரியலைன்னா வரைஞ்சு வைங்க. தினமும் பார்க்குறவங்க கண்ணுக்கு மாற்றம் தெரியாது, அதனாலதான் மனசு சோர்ந்து போகுது.

இப்போ பிள்ளைங்க. நாப்பது பேரை ஒரே கூட்டமா நிக்க வச்சு பேசினா யாரா இருந்தாலும் சத்தம்தான் வரும், அது உங்க குறை இல்ல. அஞ்சு அஞ்சு பேரா எட்டு குழுவா பிரிச்சு, ஒவ்வொரு குழுவுக்கும் அந்த ஒரு மீட்டர் சதுரம் ஒண்ணு குடுத்துடுங்க. அது அவங்க சதுரம், அடுத்த தடவை வரும்போதும் அதே சதுரம். முதல் பத்து நிமிஷம் நீங்க வாயே திறக்க வேண்டாம், என்னென்ன இருக்குன்னு அவங்களே பார்த்து எண்ணட்டும். செடி பேரை உடனே சொல்லிடாதீங்க, பேர் தெரிஞ்ச நிமிஷமே பார்க்குறதை நிறுத்திடுவாங்க, நீங்க வேணா கவனிச்சுப் பாருங்க. இது எதோட ஜாடையில இருக்கு, இலையை கசக்கினா வாசனை வருதா, அடியில யார் இருக்காங்கன்னு கேளுங்க. கசக்கச் சொல்ற இலை எதுன்னு மட்டும் நீங்க முன்னாடியே பார்த்து வச்சிருக்கணும்.

களை எடுக்க வைக்கலாம், தாராளமா வைக்கலாம், பிள்ளைங்களுக்கு நிஜ வேலைன்னா அவ்வளவு பிடிக்கும். ஆனா ஒரு நாளைக்கு ஒரே ஒரு களை. அந்தச் செடியை வேரோட பிடுங்கி ஆளுக்கு ஒண்ணு கையில குடுத்துட்டு, இதே மாதிரி இருக்குறதை மட்டும்தான் எடுக்கணும், சந்தேகம் வந்தா பிடுங்காம கூப்பிடணும்னு சொல்லுங்க. இதைச் செய்யாம "களையை எடுங்க"ன்னு பொதுவா சொன்ன ஒரு நாள் நாங்க ரெண்டு வருஷமா காத்திருந்து முளைச்ச நாட்டுப்புல் முழுக்க போயிடுச்சு, பிள்ளைங்க ரொம்ப சிரத்தையா பிடுங்கி அடுக்கி வச்சிருந்தாங்க, அவங்களை எப்படி திட்ட முடியும். அப்புறம் தண்ணி, கழிவறை, முதலுதவிப் பை, வரும்போதும் போகும்போதும் தலை எண்ணுறது, டீச்சர் ஒருத்தராவது எப்பவும் கூட இருக்குறது, இதெல்லாம் பாடத்துக்கு முன்னாடி வரணும். டீச்சர்கிட்ட ஒரு வாரம் முன்னாடியே பேசி அவங்க இப்போ என்ன பாடம் நடத்துறாங்கன்னு கேட்டுக்கோங்க, அவங்க வகுப்புல போய் அதைத் தொட்டுப் பேசினாதான் நீங்க சொன்னது நிக்கும்.

சின்ன பிள்ளைங்ககிட்ட உலகம் அழியப்போகுது, காடு எரியுது, கரடி சாகுதுன்னு பேசவே பேசாதீங்க. டேவிட் சோபெல்னு ஒரு அமெரிக்கக் கல்வியாளர் 1990கள்லயே இதைச் சொல்லிட்டார், சின்ன வயசுல பேரழிவைச் சொல்லி பயமுறுத்தினா பிள்ளைங்க இயற்கையை விட்டு விலகித்தான் போகும், முதல்ல பழக்கமும் பாசமும் வரட்டும்னு. 1977ல திபிலிசியில யுனெஸ்கோ நடத்துன மாநாட்டுல சூழல் கல்விக்கு அஞ்சு நோக்கம் வச்சாங்க, விழிப்புணர்வு, அறிவு, மனப்பான்மை, திறன், பங்கேற்பு. நம்மள்ல பாதிப்பேர் முதல் ரெண்டுலயே நின்னுடுறோம், சார்ட் காட்டுறோம், கோஷம் போட வைக்கிறோம். உங்களுக்கு நிலமே இருக்கு, கடைசி ரெண்டையும் நேரடியா செய்யலாம், எத்தனை பேருக்கு அந்த வாய்ப்பு கிடைக்கும்.

வீட்டுல கேக்குற கேள்விக்கு வரேன். 1935ல அமெரிக்காவுல விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தோட மரப்பூங்காவுல, உழுது தீர்ந்துபோன பண்ணை நிலத்தை மறுபடி புல்வெளியா மாத்த ஆரம்பிச்சாங்க. இன்னைக்கு அதுக்கு கர்டிஸ் புல்வெளின்னு பேர், உலகத்துல இந்த மாதிரி மீட்ட புல்வெளிகள்லயே ரொம்ப பழசுன்னு அதைச் சொல்றாங்க. அந்தத் திட்டத்துல ஆல்டோ லியோபோல்ட் மாதிரி பெரிய சூழலியலாளருங்க இருந்தாங்க, சரி, ஆனா புல்லை வெட்டி சுமந்துட்டு வந்து பதிச்ச கைங்க யாரோடது தெரியுமா, பொருளாதார மந்தத்துல வேலை கிடைக்காம இயற்கையைப் பாதுகாக்குற வேலைக்குன்னு அரசாங்கம் அமைச்ச தொழிலாளர் படையில சேர்ந்த வாலிபப் பசங்க. உங்க வயசுதான். மாசம் 30 டாலர் சம்பளம், அதுல 25 டாலர் நேரா வீட்டுக்குப் போகும், தங்க இடமும் சாப்பாடும் துணியும் அரசாங்கம் குடுத்துச்சு. அவ்வளவு பஞ்சத்துலயும் அவங்க அந்த வேலைக்கு சம்பளம் குடுத்தாங்கங்கிறதை நான் அடிக்கடி நினைச்சுப்பேன், ஏன்னா இன்னைக்கு நிறைய இடத்துல "அனுபவம் கிடைக்குமில்ல"ன்னு சொல்லி பசங்களை சும்மா வேலை வாங்குறாங்க, அது எனக்கு சுத்தமா பிடிக்கல. உங்க சம்பளம், விபத்து காப்பீடு, வேலை நேரம் எல்லாம் எழுத்துல இருக்கான்னு பாருங்க, இல்லன்னா கேட்டு வாங்குங்க. தொண்டு மனசு வேற, இது வேற. இன்னொண்ணு, அந்த கர்டிஸ் புல்வெளியில தொண்ணூறு வருஷம் கழிச்சு இன்னைக்கும் களை எடுத்துட்டுதான் இருக்காங்க.

எதிர்காலம் இருக்கான்னா, இருக்கு, ஆனா நேரா போற ரோடு மாதிரி இல்ல. 2021ல இருந்து 2030 வரைக்கும் சூழல் மீட்புக்கான பத்தாண்டுன்னு ஐ.நா. அறிவிச்சிருக்கு, 2022 டிசம்பர்ல மாண்ட்ரியல்ல நாடுகள் எல்லாம் சேர்ந்து 2030க்குள்ள சீரழிஞ்ச நிலத்துலயும் நீர்ப்பரப்புலயும் 30 சதவீதமாவது மீட்பு வேலைக்குள்ள கொண்டுவரணும்னு ஒத்துக்கிட்டாங்க. பேப்பர்ல இருக்குற இந்த இலக்கை நிலத்துல செய்ய ஆள் வேணும், முளையைப் பார்த்து செடி சொல்ற ஆளு, நர்சரி நடத்துற ஆளு, மேப் போடத் தெரிஞ்ச ஆளு, பிள்ளைங்ககிட்ட பேசத் தெரிஞ்ச ஆளு. அதோட உங்க பி.காமை ஒதுக்கி வைக்காதீங்க, நான் பார்த்த பல நல்ல அமைப்புகள் கணக்கு வழக்கு சரியா இல்லாம, நிதி குடுத்தவங்களுக்கு ஒழுங்கா ரிப்போர்ட் குடுக்க ஆளில்லாமதான் நின்னு போச்சு. கையில மண்வெட்டியும் பிடிக்கத் தெரிஞ்சு பட்ஜெட்டும் போடத் தெரிஞ்ச ஆளை அவங்க விடவே மாட்டாங்க. கஷ்டமும் சொல்லணும், நிதி முடிஞ்சா வேலையும் முடியும், முதல் சில வருஷம் கையில காசு நிக்காது. வீட்டுல கடன் இருந்தா, உங்களை நம்பி ஆள் இருந்தா, திரும்பி ஆபீஸ் போறதுல எந்தத் தப்பும் இல்ல, லீவு நாள்ல வந்து களை எடுங்க. ஆனா அந்த முடிவை இப்போ எடுக்காதீங்க. ஒரு வருஷத்துல எல்லா பருவத்தையும் அந்த நிலத்துல பார்த்துட்டு எடுங்க, மழைக்கு முன்னாடி ஒரு நிலம், மழைக்கு அப்புறம் வேற நிலம், நீங்க இன்னும் ஒண்ணுதான் பார்த்திருக்கீங்க.

உங்க அமைப்பு எப்படியும் ஒருநாள் கன்னு நடும். அன்னைக்கு ஒவ்வொரு கன்னுக்கும் நம்பர் போட்டு யார் நட்டதுன்னு எழுதி வைங்க. கென்யாவுல வங்காரி மாத்தாய் 1977ல ஆரம்பிச்ச பசுமைப் பட்டை இயக்கத்துல, நட்டதுக்கு இல்ல, பிழைச்ச கன்னுக்குத்தான் பெண்களுக்கு சின்னதா ஒரு தொகை குடுத்தாங்க. நீங்களும் பிழைச்சதை எண்ணுங்க. அடுத்த வருஷம் ஒரு பிள்ளை வந்து என் செடி எங்கன்னு கேட்டா நோட்டைத் திறந்து காட்டணும், இருந்தா கூட்டிட்டுப் போய் காட்டணும், செத்திருந்தா செத்த இடத்துக்கும் கூட்டிட்டுப் போகணும்.

அந்த ஒரு மீட்டர் சதுரத்துல பேர் தெரியாத செடி ஏதாவது முளைச்சா போட்டோ அனுப்புங்க. இலையோட பின்பக்கமும், தண்டுல இலை சேர்ற இடமும் தெரியுற மாதிரி எடுங்க.

அன்புடன்,
அக்கா